வேலை கிடைத்த பிறகு ஃபீஸ்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

"இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம். வேலை கிடைத்ததும் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்." சில மாதங்களில் மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் தனியார் பள்ளிகளான கோடிங் பூட்கேம்ப்கள் இப்படிச் சொல்லி ஆள் சேர்க்கும் முறைக்கு வருமானப் பங்கு ஒப்பந்தம் என்று பெயர். புழக்கத்தில் ஐஎஸ்ஏ. இதில் சேரலாமா என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வேலை கிடைக்காமல் போனால் நஷ்டம் உண்மையிலேயே பள்ளிக்குத்தான் என்றால், கையில் காசில்லாத ஒருவருக்கு இது நல்ல வழி. அந்த நஷ்டத்தைச் சத்தமில்லாமல் உங்கள் தலையில் கட்டியிருந்தால், இது வட்டி அதிகமான ஒரு கடன். இரண்டில் எது என்பது விளம்பரத்தைப் பார்த்தால் தெரியாது, ஒப்பந்தத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

யோசனை பழையது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955லேயே இதை எழுதினார். யேல் பல்கலைக்கழகம் 1971ல் செய்து பார்த்தது: கடனாக எடுக்கும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம், அதிகபட்சம் 35 ஆண்டுகள். ஒரு குழுவின் மொத்தக் கடனும் தீரும்வரை அந்தக் குழுவில் இருப்பவர்கள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. கட்டாமல் போனவர்களின் பாரம் ஒழுங்காகக் கட்டியவர்கள் மேல் விழுந்தது. 1978க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. பூட்கேம்ப் உலகில் 2012ல் தொடங்கிய ஆப் அகாடமி முதலாண்டுச் சம்பளத்தில் பங்கு கேட்டது. 2017ல் தொடங்கிய லாம்ப்டா ஸ்கூல் இதை உலகம் முழுக்கப் பேசவைத்தது. இந்தியாவுக்கு இது 2019 வாக்கில் வந்தது. பெங்களூரின் மசாய் ஸ்கூல் அந்த அலையில் வந்த ஒன்று.

லாம்ப்டா கதையை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்

லாம்ப்டாவின் விதி எளிமையாகத் தெரிந்தது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பளம் வந்தால் அதில் 17 சதவீதம், 24 மாதத் தவணைகள், மொத்தம் 30,000 டாலரைத் தாண்டாது. 2021ல் பெயரை ப்ளூம்டெக் என்று மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்தின் மீதும் அதன் தலைவர் ஆஸ்டன் ஆல்ரெட் மீதும் நடவடிக்கை எடுத்தது. அந்த உத்தரவில் உள்ள விஷயங்கள் அப்படியே உங்களுக்கான சோதனைப் பட்டியல்.

"இது கடன் இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். ஆணையம் அதைக் கடன் என்றே தீர்மானித்தது, சராசரியாக ஒரு மாணவர் தலையில் ஏறக்குறைய 4,000 டாலர் நிதிக் கட்டணம் மறைந்திருந்தது என்றது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம். உள்ளே வைத்திருந்த கணக்கோ 50 சதவீதத்தை ஒட்டி, சில சமயம் 30 வரை. ஒரு பேட்ச்சில் நூற்றுக்கு நூறு வேலை என்று ஆல்ரெட் ட்வீட் போட்டார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர் என்பதைத் தனிப்பட்ட செய்தியில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு தவணை தவறினாலே 30,000 டாலர் வரம்பில் மிச்சம் உள்ள அத்தனையும் உடனே கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. "நீ சம்பாதித்தால்தான் எங்களுக்குப் பணம்" என்றவர்கள், அந்த ஒப்பந்தங்களில் பலவற்றை முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே விற்றுக் காசு பார்த்திருந்தார்கள். நிறுவனத்துக்கு நுகர்வோர் கடன் தொழிலில் நிரந்தரத் தடை, ஆல்ரெட்டுக்கு மாணவர் கடன் தொழிலில் பத்தாண்டுத் தடை.

இந்த ஐந்தில் கடைசிதான் மிக முக்கியம். ஒப்பந்தத்தை விற்றுவிட்ட பள்ளிக்கு உங்களுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் வந்தாகிவிட்டது. அப்புறம் உங்களுக்காக அலைய அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? எனவே சேர்க்கை ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எனக்கு வேலையே கிடைக்கவில்லை என்றால் யாருடைய பணம் போகும்? ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் அது இருக்கிறது?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

ரூபாயாக மாற்றிப் பாருங்கள்

ஒப்பந்தத்தில் ஆறு எண்களைத் தேடி ஒரு தாளில் எழுதுங்கள்: சம்பளத்தில் எத்தனை சதவீதம், எத்தனை தவணை, எவ்வளவு சம்பளத்துக்கு மேல் கட்டத் தொடங்க வேண்டும், மொத்த உச்சவரம்பு, இதே கோர்ஸுக்கு முன்பணமாகக் கட்டினால் எவ்வளவு, ஜிஎஸ்டி உள்ளடங்கியதா வெளியேயா. தனியார் பயிற்சிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "3 லட்சம் மட்டுமே" என்பது 3,54,000 ஆக மாறுவது இங்கேதான்.

ஒரு மாதிரி ஒப்பந்தம் எடுத்துக்கொள்வோம். 15 சதவீதம், 36 மாதம், ஆண்டுக்கு 5 லட்சம் சம்பளத்திலிருந்து, உச்சவரம்பு 3 லட்சம், முன்பணமாகக் கட்டினால் 1.5 லட்சம்.

5 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் 41,667. அதில் 15 சதவீதம் 6,250, ஜிஎஸ்டியோடு 7,375. ஆனால் சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 5 லட்சம் என்றால் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, உங்கள் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் போய்க் கைக்கு வருவது சுமார் 36,000தான். சிடிசி மேல் 15 சதவீதமும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் கைக்கு வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக இதைக் கட்ட முடியுமா என்று இன்றைக்கே எழுதிப் பாருங்கள்.

அடுத்து வட்டி. கூகுள் ஷீட்ஸைத் திறந்து, ஒரே நெடுவரிசையில் முதல் கட்டத்தில் 150000 போடுங்கள். அது நீங்கள் இன்று கட்டாமல் மிச்சம் பிடிக்கும் பணம். அதற்குக் கீழே படிப்பு 8 மாதம், வேலை தேடல் 3 மாதம் என்று பதினொரு கட்டங்களில் பூஜ்யம். பிறகு 36 கட்டங்களில் மைனஸ் 6250. மாத வட்டியைக் கண்டுபிடிக்கும் ஐஆர்ஆர் (IRR) ஃபார்முலாவை அந்த வரிசைக்குப் போட்டு 12ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 17 சதவீதம் வரும். சம்பளம் 8 லட்சம் என்றால் மாதம் 10,000 வீதம் 30 மாதத்தில் உச்சவரம்பைத் தொட்டுவிடுவீர்கள். வட்டி 33 சதவீதம். 12 லட்சம் என்றால் மாதம் 15,000 வீதம் 20 மாதம். வட்டி 40 சதவீதம். முன்பணத்துக்கும் தவணைக்கும் ஒரே மாதிரி ஜிஎஸ்டி என்பதால் அதைச் சேர்க்காமலே கணக்கு சரியாக வரும்.

ஏற்கெனவே ஓரளவு கோட் எழுதத் தெரிந்து, நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பிக்கையோடு இருப்பவருக்கு ஐஎஸ்ஏதான் அதிகச் செலவு என்பது இதிலிருந்து புரியும். அப்படிப்பட்டவர் பணத்தைப் புரட்டி முன்பணமாகக் கட்டுவதே மேல். வேலை கிடைக்குமா என்ற சந்தேகம் உள்ளவருக்கு இந்தக் கூடுதல் வட்டி ஒரு காப்பீட்டுப் பிரீமியம். கிடைக்காவிட்டால் கட்ட வேண்டாம் என்ற பாதுகாப்புக்கான விலை. அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நிஜமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டு செலவுகளை ஐஎஸ்ஏ தொடவே தொடாது. எட்டு மாதம் முழுநேரம் படித்தால், வேறு வேலையில் மாதம் 15,000 வந்திருக்கும் என்று வைத்தால், 1,20,000 போகிறது. அந்த எட்டு மாதச் சாப்பாடும் இன்டர்நெட்டும் கோடிங்குக்குத் தாங்கும் லேப்டாப்பும் தனி. வேலை கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

தொடக்க வரம்பு: எல்லோரும் தாண்டிப் போகும் எண்

பெரிய ஐடி சர்வீஸ் நிறுவனங்கள் ஃப்ரெஷருக்குத் தரும் பேக்கேஜ் பல ஆண்டுகளாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பொறியியல் முடித்த ஒருவர் எந்த பூட்கேம்ப்பும் இல்லாமல் கேம்பஸ் மூலமாகவோ ஆஃப் கேம்பஸ் டிரைவிலோ வாங்கக்கூடிய சம்பளம் அது. ஒப்பந்தத்தின் தொடக்க வரம்பு 3 லட்சம் அல்லது 3.5 லட்சம் என்றால், நீங்களாகவே வாங்கியிருக்கக்கூடிய வேலைக்குப் பள்ளிக்குப் பங்கு கொடுக்கிறீர்கள். பள்ளியால் வரும் லாபம் என்பது, பள்ளி இல்லாமல் கிடைத்திருக்கும் சம்பளத்துக்கு மேல் வரும் தொகை மட்டுமே. வரம்பு அந்த எண்ணைவிடக் குறைந்தது ஒன்றரை லட்சமாவது மேலே இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வரம்பை எதில் அளக்கிறார்கள் என்றும் பாருங்கள். நிலையான சம்பளம் என்று இருந்தால் நல்லது. சிடிசி என்று இருந்தால், வராமலே போகக்கூடிய வேரியபிள் பே, ஜாயினிங் போனஸ், பங்கு ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்து உங்களை வரம்புக்கு மேலே தூக்கிவிடும். ஆண்டுக் கணக்கா மாதக் கணக்கா என்பதும் முக்கியம். மாதக் கணக்கு என்றால் இரண்டு மாத ஒப்பந்த வேலைகூடத் தவணையைத் தொடக்கிவிடும். எந்த வேலை என்பது மூன்றாவது. "மென்பொருள் உருவாக்கம்" என்று எழுதியிருக்க வேண்டும். "எந்த வேலையானாலும்" என்றிருந்தால் கால் சென்டரில் சேர்ந்தாலும், அதே பூட்கேம்ப்புக்கு ஆள் பிடிக்கும் சேல்ஸ் வேலையில் சேர்ந்தாலும் கட்ட வேண்டிவரும்.

பெயர் ஐஎஸ்ஏ, கையெழுத்து லோனில்

இந்தியாவில் இப்போது அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். விளம்பரம் "வேலைக்குப் பின் கட்டுங்கள்" என்கிறது. கையெழுத்து வாங்குவது ஒரு வங்கியல்லா நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். முழுக் கட்டணமும் அந்த நிறுவனத்திலிருந்து பள்ளிக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ அவகாசம்; அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இஎம்ஐ. பள்ளி மூடினாலும் இஎம்ஐ நிற்காது, ஏனென்றால் கடன் கொடுத்தவர் வேறு ஒருவர்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சேர்க்கையின்போது வங்கி ஸ்டேட்மென்ட், ஆட்டோ டெபிட்டுக்கான இ-நாச் அனுமதி, அப்பாவையோ அம்மாவையோ கோ-அப்ளிகன்ட்டாகச் சேர்ப்பது, நிதி நிறுவனத்தின் பெயரில் ஓடிபி எஸ்எம்எஸ் என்று இதில் எது வந்தாலும் அது கடன்தான். ஓடிபி எண்ணைச் சொல்வதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுக்கப் படியுங்கள். ஆலோசகர் "ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான்" என்று சொல்லும் ஓடிபியிலேயே கடன் சம்மதம் முடிந்துவிடும். கோ-அப்ளிகன்ட்டாக அப்பா கையெழுத்துப் போட்டால் நீங்கள் கட்டாதபோது அவருடைய சிபில் மதிப்பெண்ணும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் எண்ணும், சேர்ந்தே விழும். நாளை தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

கடன்தான் என்று தெரிந்தே எடுப்பதானால், முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். கேஎஃப்எஸ் என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதைத் தந்தே ஆக வேண்டும். ஆண்டு மொத்த வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். டிஜிட்டல் கடன் விதிகளில் விலகல் அவகாசம் குறைந்தது ஒரு நாளாவது உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் திருப்பினால் அபராதமில்லாமல் வெளியே வந்துவிடலாம். "ஜீரோ காஸ்ட் இஎம்ஐ" என்றால் வட்டியைக் கட்டணத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே தொகையாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் அந்த வட்டி வெளியே வந்துவிடும்.

மீதி விதிகளில் கண் வைக்க வேண்டியவை

இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதை முதலில் தேடுங்கள். படித்த நாட்களுக்கு மட்டும் விகிதப்படி கட்டணம் என்றால் நியாயம். இரண்டு வாரம் தாண்டினால் முழுத் தொகை என்றால், மூன்றாவது மாதத்தில் வீட்டில் ஒரு நெருக்கடி வந்தாலும் மூன்று லட்சம் உங்கள் தலையில் நிற்கும். பூட்கேம்ப்களில் பாதியில் நிற்பவர்கள் அதிகம், அதனால் இந்த விதி ஏட்டளவு அல்ல.

வேலை மறுப்பு விதி அடுத்தது. வாரத்துக்கு இத்தனை விண்ணப்பம் போட வேண்டும், எந்த ஊரில் எந்த ஆஃபர் வந்தாலும் ஏற்க வேண்டும், ஒரு இன்டர்வியூ தவறினாலும் "ப்ளேஸ்மென்ட்டுக்குத் தகுதியில்லை" என்று நீக்குவோம், நீக்கினால் முழுக் கட்டணம் உடனே என்று இருக்கும். வேலை கிடைக்காதவர்களைக் கணக்கிலிருந்து கழிக்கவும், பாதுகாப்பைப் பறிக்கவும் இந்த ஒரு விதியே போதும்.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது? 36 தவணை என்று மட்டும் எழுதி, முடிவுத் தேதி இல்லாவிட்டால் வேலை போய்வந்து கொண்டிருக்கும் ஒருவரை எட்டு வருடம் கழித்தும் தேடி வருவார்கள். "கோர்ஸ் முடிந்து ஐந்தாண்டில் எப்படியும் காலாவதி" என்ற வரி இருக்க வேண்டும். வேலை போனால் தவணை தானாக நிற்குமா, நாம் தெரிவிக்க வேண்டுமா, எத்தனை நாளுக்குள் என்பதையும் பாருங்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ் எதையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். தொகை எழுதாத காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவில் வழக்கு போடுவோம் என்று மிரட்ட அதுவே ஆயுதம். தவணை தவறினால் விதிக்கும் அபராதம் மிகையாக இருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டை மட்டுமே ஏற்கும். ஆனால் வழக்காடும் இடம் குருகிராம் என்று எழுதியிருந்தால், மதுரையிலிருந்து போய் அதை நிரூபிப்பது யாருக்கும் எளிதல்ல. உங்கள் மாவட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ப்ளேஸ்மென்ட் சதவீதத்தைச் சரிபார்ப்பது

நூறு பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் முடித்தார்கள். ஐம்பது பேரைத் தகுதியானவர்கள் என்று பள்ளி வைத்துக்கொண்டது. நாற்பது பேருக்கு ஏதோ ஒரு வேலை. அதில் இருபத்தைந்து பேருக்குத்தான் வரம்புக்கு மேல் சம்பளம். போஸ்டரில் 80 சதவீதம் என்று வரும்; ஐம்பதில் நாற்பது, பொய் என்றும் சொல்ல முடியாது. சேரும் உங்களுக்கு உரிய எண் 25 சதவீதம். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "போன வருடம் இதே மாதத்தில் முதல் நாள் வகுப்பில் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இன்று இத்தனை லட்சத்துக்கு மேல் டெவலப்பராக இருக்கிறார்கள்?"

பதில் வந்தாலும் வராவிட்டாலும் லிங்க்ட்இன்னில் நீங்களே பாருங்கள். பள்ளியின் பெயரில் தேடி, ஒன்றரை வருடத்துக்கு முன் சேர்ந்த இருபது பேரை எடுங்கள். பள்ளி வீடியோவில் காட்டும் முகங்கள் வேண்டாம். இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். "டீச்சிங் அசிஸ்டன்ட்" என்று அதே பள்ளியிலேயே இருப்பவர்களைத் தனியாக எண்ணுங்கள். ஐந்து பேருக்குச் செய்தி அனுப்பி மூன்று மட்டும் கேளுங்கள்: வேலை பள்ளி மூலமா சொந்த முயற்சியா, முடித்த பிறகு எத்தனை மாதம் ஆனது, தவணை வாங்குவது பள்ளியா வேறு நிறுவனமா. இருபதில் எட்டுப் பேர்கூட டெவலப்பராக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய பேட்ச்களின் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். 2021ல் ஃப்ரெஷருக்கு இருந்த கிராக்கி அதன் பிறகு இல்லை.

யார் சேரலாம்

ஐடி அல்லாத டிகிரி, கேம்பஸ் வாய்ப்பு இல்லாத கல்லூரி, முன்பணம் புரட்ட வழியில்லை, பூட்கேம்ப் என்பதால் வங்கிக் கல்விக் கடனும் கிடைக்கவில்லை. ஆனால் எட்டு மாதம் வீட்டில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. இப்படி இருப்பவருக்கு, ஒப்பந்தம் நேரடியாகப் பள்ளியோடு இருந்து, உச்சவரம்பு முன்பணத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் நின்று, மேலே சொன்ன விதிகளும் சரியாக இருந்தால் சேரலாம். கணினி அறிவியல் படித்தவருக்கோ ஏற்கெனவே ஐடியில் இருப்பவருக்கோ இது பெரும்பாலும் வீண் செலவு.

யாராக இருந்தாலும், சேர்வதற்கு முன் ஆறு வாரம் இலவசமாகப் படித்துப் பாருங்கள். ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட், ஹார்வர்டின் சிஎஸ்50 மூன்றுக்கும் கட்டணம் இல்லை. தினம் நான்கு மணி நேரம் உட்கார முடிகிறதா, ஒரு சின்ன இணையப் பக்கத்தையாவது பார்க்காமல் எழுத முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் பூட்கேம்ப்பின் மூன்றாவது வாரத்தில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது, அங்கே விலகல் விதி காத்திருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு: அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வரும் இலவசப் பயிற்சிகள், சேர்க்கை கிடைத்தால் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் தரும் ஸோஹோ ஸ்கூல்ஸ். இவற்றுக்கு விண்ணப்பித்துப் பார்க்காமல் ஐஎஸ்ஏயில் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்

கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலை இன்றே கேட்டு வாங்கி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனால் அன்றைக்கே ரிலீவிங் லெட்டரோடு மின்னஞ்சல் போட்டுத் தவணையை நிறுத்தக் கேளுங்கள்; பதில் வரும்வரை ஆட்டோ டெபிட் நடக்கும், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு பக்கமும் நிதி நிறுவனம் ஒரு பக்கமும் அபராதம் போடும். சம்பளத்தை மறைக்காதீர்கள், நிறுவனம் தரும் வருமான வரிச் சான்றிதழில் எல்லாம் தெரிந்துவிடும்.

சொன்ன வகுப்புகள் நடக்கவில்லை, ப்ளேஸ்மென்ட் உதவி வரவில்லை என்றால் தேதியோடு ஒவ்வொன்றாகக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டுடன் பள்ளிக்கு எழுத்தில் அனுப்புங்கள். விளம்பரப் பக்கங்களையும் சேமித்து வையுங்கள். அவை ஒரே இரவில் மாறிவிடும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணமாகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். கடன் நிதி நிறுவனத்தின் மீது புகார் என்றால் முதலில் அவர்களுக்கே எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக அனுப்பலாம். அதுவரை இஎம்ஐயை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். புகார் நிலுவையில் இருக்கும்போதும் சிபில் மதிப்பெண் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.